மீனுக்கு இரையாகத் தொட்டியில் போட்ட மண்புழு எவ்வளவு நேரம் தாங்கும்?

மண்புழுவுக்கு நுரையீரலும் கிடையாது, செவுளும் கிடையாது. ஈரத்தோல் வழியாகத்தான் மூச்சு. அதனால் தொட்டியில் விழுந்த உடனே செத்துப்போகாது. தண்ணீரில் கரைந்த ஆக்ஸிஜன் போதுமான அளவு இருந்தால், குளிர்ந்த நீரில் நாள்கணக்கில்கூட உயிரோடு கிடக்கும்.

மதுரைக் கோடையில் அவ்வளவு தாங்காது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும். 30 டிகிரியில் 7.5தான். சூடு ஏற ஏற மீனுக்கும் புழுவுக்கும் மூச்சுத் தேவையும் கூடும். ஏர் பம்ப் ஓடும் தொட்டியில் புழு ஒரு நாள் வரை நெளியலாம். பம்ப் இல்லாத சின்னத் தொட்டியில் சில மணி நேரத்தில் துவண்டுவிடும். மீனுக்கு வைத்தியமாகக் கல் உப்பு போட்டிருந்தால் இன்னும் சீக்கிரம் சாகும்.

உயிரோடு நெளிகிற புழுவால் கெடுதல் இல்லை. சரளைக் கல்லுக்குள் நுழைந்து, கண்ணில் படாமல் செத்து அழுகும் புழுதான் மீனைக் கொல்லும். அழுகலில் அம்மோனியா உண்டாகும். நீரின் சூடும் காரத்தன்மையும் கூடினால் அந்த அம்மோனியாவின் விஷமும் கூடும். காரம் மிகுந்த போர் தண்ணீர் ஊற்றியவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தண்ணீர் பால் மாதிரி கலங்கி, மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், கல்லைக் கிளறிச் செத்த புழுவை எடுத்துவிட்டு, கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீரில் குளோரின் இருக்கக் கூடாது.

புழுவைச் சாக்கடை ஓரத்தில் தோண்டாதீர்கள். சோழவந்தான் பக்கத்து வாழைத்தோட்டங்களில் நிறையக் கிடைக்கும். ஆனால் குருணை மருந்து (மண்ணில் இடும் பூச்சிக்கொல்லி) போட்ட தோட்டமா என்று தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டே எடுங்கள். மண்புழு உரம் தயாரிப்பவரிடம் வாங்குவது நல்லது. அங்கே இருக்கும் பருத்த ஆப்பிரிக்கப் புழுவை மீன்கள் விரும்பித் தின்னும். ஐசீனியா என்ற மெல்லிய சிவப்புப் புழு, தொட்டால் நாற்றமுள்ள மஞ்சள் நீரைக் கக்கும். பல மீன்கள் அதை வாயில் வாங்கித் துப்பிவிடும்.

வாங்கியதும் நனைத்துப் பிழிந்த துணியில், நிழலில், ஒரு நாள் முழுக்க வைத்தால் வயிற்று மண் வெளியேறும். இதைச் செய்யாவிட்டால் அந்த மண் தொட்டியில் கலங்கும். மிச்சப் புழுவை ஈரத் தென்னை நார்க்கழிவு நிரப்பிய மண்பானையில் போட்டு, வாயை வலைத்துணியால் கட்டி, வெளியே ஈரச் சாக்கைச் சுற்றி வையுங்கள். மானாமதுரைப் பானை நீர் கசிந்து குளிர்வதால் இதற்குத் தோதானது. பிளாஸ்டிக் டப்பாவை மொட்டைமாடியில் வைத்தால் ஒரே மத்தியானத்தில் எல்லாம் செத்துவிடும்.

போடுமுன் நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஆஸ்கார், ஃப்ளவர்ஹார்ன் மீன்களுக்கு முழுப்புழு போடலாம். கோல்ட் ஃபிஷுக்கும் ஏஞ்சலுக்கும் ஒரு சென்டிமீட்டர் துண்டு. கப்பி, ஃபைட்டருக்குப் பிளேடால் பொடியாக அரிந்து, மறுபடி அலசிப் போட வேண்டும். அரிந்த துண்டு முழுப்புழுவைவிட வேகமாக அழுகும். வாரம் இரண்டு தடவை போதும். ஒவ்வொரு புழுவாக இடுக்கியில் பிடித்துக் காட்டுங்கள்; மீன் கவ்வியபின் அடுத்தது. பத்து நிமிடத்தில் தின்னாததை எடுத்துவிடுங்கள். மின்தடை வரும் என்று தெரிந்த நாளிலும், விளக்கணைக்கும் நேரத்திலும் புழு போட வேண்டாம்.