நாலாம், ஐந்தாம் வகுப்பில் பாடச் சொற்களைக் கற்றுக்கொடுப்பது எப்படி?

சொல்லையும் பொருளையும் கரும்பலகையில் எழுதிப் போட்டு, நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னால் பிள்ளைகள் அழகாக எழுதுவார்கள், ஒப்பிப்பார்கள், அடுத்த வாரம் கேட்டால் முழிப்பார்கள். அதனால் அதை விடுங்கள்.

முதல் வேலை, சொற்களைப் பொறுக்குவது. ஒரு பாடத்துக்கு நாலைந்து போதும். அமெரிக்க ஆய்வாளர்கள் இசபெல் பெக், மார்கரெட் மெக்கியூன் போன்றவர்கள் சொற்களை மூன்று அடுக்காகப் பிரித்தார்கள்: அன்றாடப் பேச்சில் புழங்குபவை, எல்லாப் பாடத்திலும் தலைகாட்டுபவை, ஒரு பாடத்துக்கு மட்டும் உரியவை. நாம் மூன்றாவதிலேயே மூழ்கிவிடுகிறோம். ஒளிச்சேர்க்கைக்கு இரண்டு பீரியட் ஒதுக்குவோம். 'ஒப்பிடுக', 'வகைப்படுத்துக', 'காரணம் கூறுக' எல்லாம் தெரிந்திருக்கும் என்று தாண்டிப் போய்விடுவோம். ஆட்டையும் புலியையும் வேறுபடுத்தச் சொன்னால் பிள்ளை இரண்டைப் பற்றியும் தனித்தனியாக ஒரு பத்தி எழுதி வைக்கும். பாடம் தெரியாமல் இல்லை, கேள்வி என்ன கேட்கிறது என்பதுதான் பிடிபடவில்லை. என்னைக் கேட்டால் பாதி நேரத்தை இந்தக் கேள்விச் சொற்களுக்கே கொடுக்கலாம்.

அப்புறம், சொல்லுக்கு முன்னால் செயல். ஆவியாதலை எடுத்துக்கொள்வோம். அடுப்பில் கொதித்தால்தான் தண்ணீர் ஆவியாகும் என்று பல பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு சிலேட்டை ஒரே ஈரத்துணியால் துடைத்து, ஒன்றை வெயிலிலும் ஒன்றை வகுப்புக்குள்ளேயும் வையுங்கள். எது முதலில் காயும்? 'ஊகியுங்கள்' என்ற சொல்லையே பயன்படுத்திக் கேளுங்கள். பிறகு 'உற்றுநோக்குங்கள்'. உள்ளே வைத்த சிலேட்டும் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும், அடுப்பே இல்லாமல். தண்ணீர் எங்கே போனது என்று அவர்களே கேட்கும்போது 'ஆவியாதல்' என்று எழுதிப் போடுங்கள்.

தமிழில் ஒரு வசதி, பல பாடச் சொற்களைப் பிரித்தாலே பொருள் பாதி வெளியே வந்துவிடும். சுற்று, அளவு. மேசையைச் சுற்றி நூலைப் பிடித்தால் சுற்றளவு, மேசைமேல் தாளைப் பரப்பி மூடினால் பரப்பளவு. இரண்டையும் ஒரே நாளில் கையால் செய்துவிட்டால் குழப்பம் பெரும்பாலும் தீரும். தாவர உண்ணி, ஊன் உண்ணி, அனைத்துண்ணி மூன்றுக்கும் 'உண்ணி' ஒன்றே போதும் (மாட்டு உண்ணியைப் பார்த்த பிள்ளை கட்டாயம் கை தூக்கும், அதையும் பேசிவிடுங்கள்).

ஆனால் தெரிந்த சொல்தான் அதிகம் காலை வாரும். பகுதி என்றால் ஊரில் ஓர் இடம், பின்னத்தில் கோட்டுக்குக் கீழே இருக்கும் எண். தொகுதி என்றால் தேர்தலில் ஒன்று, பின்னத்தில் வேறு. கணக்கில் வரும் வட்டம் ஒன்று, வட்டாட்சியர் அலுவலகத்து வட்டம் இன்னொன்று. இப்படிப்பட்ட சொல் வந்தால் பழைய பொருளை முதலில் பிள்ளைகளிடமே கேட்டு வாங்கிவிட்டு, "கணக்குப் பாடத்தில் இதற்கு வேறு வேலை" என்று சொல்லுங்கள்.

சார்ட் போட வேண்டுமா? ஃபிரேயர் மாதிரி என்று ஒன்று உண்டு, 1969-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உருவானது. நடுவில் சொல், சுற்றி நாலு கட்டம்: விளக்கம், பண்புகள், எடுத்துக்காட்டு, எடுத்துக்காட்டு அல்லாதது. கடைசிக் கட்டம்தான் உயிர். 'பூச்சி'க்கு அங்கே சிலந்தியை எழுதச் சொல்லுங்கள், எட்டுக் காலை எண்ணிப் பார்த்துச் சண்டை போடுவார்கள். போடட்டும்.

அடுத்த வாரமும் அடுத்த மாதமும் அதே சொற்களை வேறு பாடத்தில் இழுத்து வாருங்கள். சோதிக்கும்போது 'பொருள் எழுதுக' வேண்டாம். "மழைக்காலத்தில் ஆவியாதல் நடக்காது. சரியா, தவறா, காரணம் கூறுக" என்று கேளுங்கள். "தவறு, கொடியில போட்ட துணி மெதுவாவாவது காயுதுல்ல" என்று பேச்சுத் தமிழில் பதில் வந்தால் முழு மார்க் போட்டுவிட்டு, அதையே 'ஆவியாதல்' வருகிற மாதிரி இன்னொரு தரம் சொல்லச் சொல்லுங்கள்.