கண்காட்சிக்கு ஒரு தொங்குபாலம்

சேலத்தில் பள்ளிக் கண்காட்சிக்கு நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தைச் செய்யப்போகிறீர்களா? நல்ல தேர்வு! 1883-இல் திறந்த பாலம், நடு இடைவெளி மட்டுமே 486 மீட்டர், எஃகுக் கம்பிவடங்களில் தொங்குகிறது.

செவ்வாய்ப்பேட்டையில் கட்டுக்கம்பி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு கோபுரங்களை ஒரு மீட்டர் தள்ளி நிறுத்தி, கம்பியை உச்சியில் முடிச்சுப் போடாமல் ஒரு பள்ளத்தில் சும்மா உட்கார வைத்து, இரு முனைகளையும் கோபுரங்களுக்குப் பின்னால் கனமான செங்கல்லில் இறுக்கிக் கட்டுங்கள், ஏனென்றால் கம்பியின் இழுவையைப் பிடித்து நிறுத்துவது அந்தச் செங்கல்தான். நடுவில் பத்து சென்டிமீட்டராவது தொய்வு இருக்கட்டும். விறைப்பாக இழுத்தால் செங்கல்லே நகர்ந்துவிடும்.

அப்புறம் பாதையைத் தாங்கும் கம்பிகளை இரண்டு பக்கமும் மாறி மாறி மாட்டுங்கள், ஒரே பக்கமாகப் போனால் வடம் கோணிக்கொள்ளும். கோபுர உச்சியிலிருந்து சாய்வாக விசிறிபோல் இறங்கும் கம்பிகளை மட்டும் விட்டுவிடாதீர்கள், புரூக்ளினின் அடையாளமே அவைதான்.