மூடுபனி வேறு, புகை வேறு: மலையகத்தில் காற்றைப் பார்க்கும்போது விடும் பிழைகள்

"கொழும்பில்தான் காற்று கெட்டுப்போச்சு, நமக்கென்ன, மலைக்காற்று!" இந்தப் பேச்சை ஹட்டன் பஸ்ஸில் எத்தனை தடவை கேட்டிருப்பேனோ தெரியாது. முதல் பிழையே இதுதான். குளிர்ந்த காற்றெல்லாம் சுத்தமான காற்று இல்லை.

ஜனவரி, பெப்ரவரியில் வானம் தெளிவாக இருக்கும் ஒரு விடியற்காலை தோட்டத்தின் மேல் டிவிஷனில் (மேல் பகுதியில்) நின்று கீழே பாருங்கள். லயத்துக் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) கூரைகளுக்கு மேலே புகை கொஞ்சத் தூரம் எழும்பி, அப்புறம் யாரோ கோடு போட்டு நிறுத்தியது மாதிரி தட்டையாகப் படுத்துக் கிடக்கும். இரவில் நிலம் குளிர்ந்து, கனத்த குளிர்காற்று பள்ளத்தில் இறங்கித் தங்கிவிட, அதற்கு மேலே கொஞ்சம் சூடான காற்று மூடி போட்டுவிடுகிறது. வெயில் ஏறும்வரை அந்த மூடி திறக்காது. சுற்றிவர மலை இருக்கும் கண்டி நகரத்துக்கும் இதே கதைதான், அங்கே அடுப்புப் புகையை விட வாகனப் புகை அதிகம் என்பதுதான் வித்தியாசம்.

2022 டிசம்பரில் மண்டூஸ் புயல் நேரம் இந்தியப் பக்கமிருந்து மாசு காற்றோடு வந்து சேர்ந்தது, 9ஆம் திகதி நாடு முழுக்கப் பாடசாலைகளை மூடினார்கள். அதற்குப் பிறகு நிறையப் பேருக்கு மாசு என்றாலே வெளியிலிருந்து வருவது என்று ஆகிவிட்டது. அது சில நாளில் போய்விட்டது. நம்முடைய விடிகாலைப் புகை அப்படிப் போவதில்லை.

அடுத்தது போனில் பார்க்கும் எண். ஏ.கியூ.ஐ. (காற்றுத் தரச் சுட்டெண்) என்று வருவது காற்றில் இருக்கும் தூசியின் அளவு அல்ல, அதைக் கணக்குப் போட்டு மாற்றிய சுட்டெண். இதைக் குழப்பிக்கொண்டு சண்டை பிடிக்கிறார்கள். ஒரு உதாரணம். இலங்கையின் 2008ஆம் ஆண்டு நியமத்தின்படி பி.எம். 2.5 என்ற நுண்தூசி 24 மணிநேரச் சராசரியாக ஒரு கன மீட்டரில் 50 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 15. அமெரிக்க முறையில் கணக்குப் போடும் செயலியோ அதே 50ஐ ஏறக்குறைய 137 என்று செம்மஞ்சளில் காட்டும். ஆக ஒரே காற்றைப் பார்த்து ஒருவர் "நியமத்துக்குள் இருக்கிறது" என்பார், இன்னொருவர் "ஐயோ 137!" என்பார், இரண்டு பேர் சொல்வதும் சரி. எண்ணைப் பகிர முன்னர் அது எந்த அளவு, ஒரு மணிநேரத்துக்கா ஒரு நாளுக்கா, எந்த ஊர்க் கருவி என்று பாருங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் கருவியே இல்லாவிட்டாலும் செயலி ஏதோ ஒரு எண்ணைக் காட்டத்தான் செய்யும், அது மதிப்பீடு.

மலையகத்துக்கென்றே உள்ள பெரிய பிழை மூடுபனியில் இருக்கிறது. மலிவு விலைக் கருவிகள் லேசர் ஒளியைப் பாய்ச்சி, அது எவ்வளவு சிதறுகிறது என்று பார்த்துத்தான் தூசியைக் கணிக்கின்றன. பனித்துளியும் ஒளியைச் சிதறடிக்கும், ஈரத்தில் தூசித்துகளும் ஊதிப் பெரிதாகும். அதனால் நுவரெலியாவில் பனி இறங்கிய நேரம் கருவி கன்னாபின்னாவென்று ஏறும், பார்ப்பவர் பயந்துபோவார். அரச நிலையங்களில் உள்ள பெரிய கருவிகளில் காற்றைச் சூடாக்கி ஈரத்தைக் குறைத்த பிறகுதான் அளக்கிறார்கள். உங்களிடம் சின்னக் கருவி இருந்தால் ஈரப்பதத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், பனி மூடிய நேரத்து எண்ணை ஒதுக்கிவிடுங்கள். கருவியை எங்கே மாட்டுகிறோம் என்பதும் முக்கியம். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி கருவியை வீட்டு இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) மாட்டிவிட்டு, தினமும் காலை ஐந்து மணிக்கு ஊரே நாசமாகிறது என்று படம் அனுப்பிக்கொண்டிருந்தான். கடைசியில் பார்த்தால் அது அவன் அம்மா அடுப்புப் பற்ற வைக்கும் நேரம்!

ஆனால் அந்த அம்மாவை யோசியுங்கள். ஊருக்கு அந்த எண் பிழை, அவருக்கு அது சரியான எண். இலங்கையின் அந்த நியமம் வெளிக்காற்றுக்குத்தான், புகைக்கூண்டு இல்லாத லயத்துக் குசினிக்குள் எந்த நிலையமும் அளப்பதில்லை. கவ்வாத்து வெட்டிய மிலாறை (தேயிலைக் குச்சிகளை) ஈரத்தோடு கொண்டுவந்து எரித்தால் நெருப்பை விடப் புகைதான் அதிகம். கூரைத் தாவாரத்தில் அடுக்கிச் சில வாரம் காயவிட்டாலே வித்தியாசம் தெரியும். குளிருக்குப் பயந்து கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு சமைப்பது, பால்மா பக்கெட்டையோ டியூப் துண்டையோ வைத்து அடுப்பு மூட்டுவது, இரண்டும் வேண்டாம். வெளியில் குப்பையோடு பிளாஸ்டிக்கை எரிப்பதோ 2017 வர்த்தமானியின்படி தடை.

வாகனப் புகைச் சான்றிதழ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2008இல் மேல் மாகாணத்தில் தொடங்கிப் பிறகு மற்ற மாகாணங்களுக்கும் வந்தது, வருடத்துக்கு ஒருதடவை. பரிசோதனைக்கு முதல் நாள் டியூன் பண்ணிவிட்டு மற்ற நாளெல்லாம் கறுப்புப் புகையோடு கடுகண்ணாவ ஏற்றம் ஏறுகிற லொறிக்கு அந்தக் காகிதம் மருந்தாகாது.

சரி, முறைப்பாடு. ஒரு புகைப்படத்தை பேஸ்புக்கில் போட்டுவிட்டு "யாரும் கேட்கவில்லை" என்பது நம் பழக்கம். தேயிலை ஸ்டோர் (தொழிற்சாலை) உட்படக் குறிப்பிட்ட தொழில்களுக்கு 1980ஆம் ஆண்டு 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வேண்டும். தொழிலைப் பொறுத்து அதை மத்திய சுற்றாடல் அதிகார சபை தரும், அல்லது சின்னத் தொழில் என்றால் பிரதேச சபையோ நகர சபையோ தரும். யார் உரிமம் தந்தார்களோ அவர்களிடம் போகாமல் மாறிப் போனால் அலைச்சல்தான் மிச்சம். ஸ்டோரிலிருந்து வெள்ளையாக வந்து சட்டென்று கரைவது பெரும்பாலும் நீராவி, அதைப் படம் பிடித்து அனுப்பினால் அடுத்த தடவை உண்மையான புகையையும் நம்பமாட்டார்கள். இரண்டு கிழமை தொடர்ந்து ஒரு கொப்பியில் இப்படி எழுதி, அதையும் எடுத்துக்கொண்டு முறைப்பாட்டுக்குப் போங்கள்:

"செவ்வாய். காலை 5.40 முதல் 6.30 வரை. கறுப்புப் புகை, கரையவில்லை. பனி இல்லை. காற்று ஸ்டோரிலிருந்து லயத்துப் பக்கம். கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டையில் கரி."