கரு மாற்றத்துக்குப் பின்: கரு பதியும் நாள்களைக் கணக்கிட்டு நடந்துகொள்வது எப்படி

முட்டையை உடலுக்கு வெளியே கருவுறச் செய்யும் ஐ.வி.எஃப். சிகிச்சையில் கருவைக் கருப்பைக்குள் வைத்து அனுப்பும்போது, பெரும்பாலான தம்பதியரின் கையில் இருப்பவை ஒரு மருந்துச் சீட்டும், ரத்தப் பரிசோதனைக்கு வர வேண்டிய தேதியும்தான். அந்த மருந்து எதற்கு, அந்தத் தேதி ஏன் என்பவற்றுக்கான விடை, கரு பதிந்து நஞ்சுக்கொடியை உருவாக்கத் தொடங்கும் முறையிலேயே இருக்கிறது.

முதலில் வாரக் கணக்கைச் சரிசெய்துகொள்ளுங்கள். கர்ப்பத்தின் வயதை மருத்துவர்கள் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். உறையவைத்த கருவை வைத்திருந்தால் உங்கள் உண்மையான மாதவிலக்குத் தேதி இதற்கு உதவாது. வைத்தது கருவுற்றபின் ஐந்து நாள் வளர்ந்த ஐந்தாம் நாள் கரு, அதாவது பிளாஸ்டோசிஸ்ட் என்றால், வைத்த தேதியிலிருந்து 19 நாள்கள் பின்னே சென்று அதையே மாதவிலக்கின் முதல் நாளாகக் கொள்ள வேண்டும். மூன்றாம் நாள் கரு என்றால் 17 நாள்கள். கீழே வரும் வாரங்கள் எல்லாம் இந்தக் கணக்குப்படியானவை.

கால் மில்லிமீட்டரைவிடச் சிறிய அந்தப் பிளாஸ்டோசிஸ்டின் உள்ளே ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும் செல் திரளிலிருந்து குழந்தை உருவாகிறது. சுற்றிலும் அமைந்த ட்ரோஃபோபிளாஸ்ட் என்னும் வெளியடுக்கிலிருந்து நஞ்சுக்கொடி உருவாகிறது. கரு தன்னைச் சூழ்ந்த உறையிலிருந்து வெளிப்பட்டு, கருப்பையின் உட்சவ்வில் ஒட்டுகிறது. ஒட்டிய இடத்தில் வெளியடுக்கின் செல்கள் தமக்கிடையிலான எல்லைகளை இழந்து ஒன்றாகக் கலந்து, பல உட்கருக்கள் கொண்ட ஒரே திரளாக மாறி, சவ்வை அரித்துக்கொண்டு உள்ளே இறங்குகின்றன. இது முதல் இரண்டு மூன்று நாள்களில் தொடங்கி, ஏறக்குறைய ஒரு வாரத்தில் கரு முழுவதும் சவ்வுக்குள் அமிழ்ந்து, நுழைந்த வழியும் மூடிக்கொள்வதோடு முடிகிறது. இதற்குள் அந்தத் திரளில் சிறு சிறு குழிகள் தோன்றியிருக்கும். பிற்காலத்தில் தாயின் ரத்தம் வந்து தேங்கும் இடம் இக்குழிகளிலிருந்தே உருவாகிறது.

இந்த நாள்களில் படுக்கையைவிட்டு எழக் கூடாது, மாடிப்படி ஏறக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். கருப்பையின் முன்சுவரும் பின்சுவரும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பவை. கரு நழுவி விழ அங்கே வெற்றிடம் இல்லை. முழு ஓய்வால் கரு பதிவது கூடுவதாக ஆய்வுகளும் காட்டவில்லை. மருத்துவர் தனியாகத் தடை சொல்லியிருந்தாலொழிய, வழக்கமான வேலைகளைச் செய்யலாம்.

பரிசோதனையில் தேடப்படும் எச்.சி.ஜி. ஹார்மோனைச் சுரப்பது, சவ்வுக்குள் இறங்கும் அதே திரள்தான். ஆகவே நான்காம் நாளே வீட்டில் கிட் வைத்துப் பார்ப்பதால் மனவேதனைதான் மிஞ்சும். முட்டை முதிர எச்.சி.ஜி. ஊசி போட்டு, அதே சுழற்சியில் கருவையும் வைத்திருந்தால், ஊசி மருந்தே இரண்டு வாரம் வரை உடலில் தங்கிப் பொய்யாக இரண்டு கோடுகளைக் காட்டக்கூடும். மார்பு கனப்பது, வயிறு உப்புவது ஆகியவை, கருப்பைச் சவ்வைக் காக்கத் தரப்படும் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் மருந்தாலும் வருவதால் அவற்றை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது.

மருத்துவமனை சொன்ன நாளில் பீட்டா எச்.சி.ஜி. பார்க்கும்போது, 5-க்குக் குறைந்தால் கர்ப்பம் இல்லை என்றும், 25-க்கு மேல் இருந்தால் உண்டு என்றும் பொதுவாகக் கொள்வார்கள். இடைப்பட்ட எண்ணுக்கு மறுபரிசோதனை தேவை. ஒற்றை எண்ணைவிட, 48 மணி நேரம் கழித்து அதே ஆய்வகத்தில் எடுக்கும் இரண்டாம் எண்ணே அதிகம் சொல்லும். தொடக்க அளவு 1,500-க்குள் இருக்கும்போது, நலமான கர்ப்பத்தில் அது இரண்டு நாளில் குறைந்தது 49 சதவீதமாவது உயரும் என்பது எதிர்பார்ப்பு. முதல் எண் 120 என்றால் அடுத்தது ஏறக்குறைய 180-ஐ எட்ட வேண்டும். உயர்வு மந்தமாக இருந்தால், கரு கருப்பைக்கு வெளியே கருக்குழாயில் பதிந்திருக்கவும் வாய்ப்புண்டு. எண் எதுவாக இருந்தாலும், அடிவயிற்றின் ஒரு பக்கம் கடும் வலி, தோள்பட்டை வலி, மயக்கம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

முடிவு நல்லபடியாக வந்ததும் புரோஜெஸ்டிரோனைத் தாமாகவே நிறுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள், இது ஆபத்தானது. இயற்கையான கர்ப்பத்தில், முட்டை வெளியேறிய இடத்தில் உண்டாகும் கார்பஸ் லூட்டியம், எச்.சி.ஜி.யின் தூண்டுதலால் புரோஜெஸ்டிரோனைச் சுரந்துகொண்டே இருக்கும். நஞ்சுக்கொடி அப்பொறுப்பை ஏற்பது 7 முதல் 9 வாரங்களுக்குள்தான். 1970-களில் ஆர்பாட் சாப்போ நடத்திய ஆய்வுகளில், ஏழாம் வாரத்துக்கு முன் கார்பஸ் லூட்டியம் அகற்றப்பட்டபோது கரு கலைந்தது. மாத்திரைகளால் மட்டுமே சவ்வைத் தயார்செய்து உறைகருவை வைத்தவர்களுக்குக் கார்பஸ் லூட்டியமே உருவாவதில்லை. எனவே லேசாக ரத்தக்கசிவு தெரிந்தாலும், மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளை மருந்தைக்கூடத் தவறவிடக் கூடாது.

முதல் ஸ்கேனை 6 அல்லது 7-ஆம் வாரத்தில் எடுப்பார்கள். அதன்பின் முக்கியமானது 11 முதல் 13 வாரம் வரையிலான காலம். அதுவரை ட்ரோஃபோபிளாஸ்ட் செல்கள், கருப்பைச் சவ்வுக்கு ரத்தம் கொண்டுவரும் தாயின் சுருள் தமனிகளின் வாயை அடைத்துவைத்திருக்க, கரு பெரிதும் கருப்பைச் சுரப்பிகளின் சுரப்பை உண்டே வளர்கிறது. இந்த அடைப்பு தளர்ந்த பிறகே தாயின் ரத்தம் நஞ்சுக்கொடிக்குள் தடையின்றிப் பாய்கிறது. தமனிகளை அகலப்படுத்தும் வேலை ஏறக்குறைய 20-ஆம் வாரம் வரை நீடிக்கிறது. அது குறைபட்டால் பிற்பகுதியில் ப்ரீஎக்லாம்ப்சியா என்னும் உயர் ரத்த அழுத்த நோயோ, குழந்தையின் வளர்ச்சிக் குறைவோ வரக்கூடும். கார்பஸ் லூட்டியம் இல்லாத கர்ப்பங்களில் அந்த நோய் சற்றுக் கூடுதலாகக் காணப்படுவதால், உங்கள் கரு எந்த முறையில் வைக்கப்பட்டது என்பதை மகப்பேறு மருத்துவரிடம் சொல்லி, ரத்த அழுத்தத்தையும் கருப்பைத் தமனியின் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனையும் பார்க்கச் சொல்லுங்கள். குறைந்த அளவு ஆஸ்பிரின் உங்களுக்குத் தேவையா என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். தேவையெனில் அதை 12-ஆம் வாரத்துக்குப் பிறகு, 16-ஆம் வாரத்துக்குள் தொடங்குவதே பயன் தரும்.