எத்தியோப்பிய வீட்டுச் சாப்பாடு: ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவது எப்படி?

ஆப்பிரிக்கப் பயணம் போகிற நம்மவர்கள் பலர் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் விமானம் மாறுகிறார்கள். இடையில் ஒரு நாள் தங்க நேர்ந்தால் ஹோட்டல் அறையில் பிரெட்டும் ஜாமும் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவதை விட, ஒரு குடும்பம் நடத்துகிற சின்னச் சாப்பாட்டுக் கடைக்குப் போய்விடுங்கள். அங்கே காரம் உண்டு, பருப்பு உண்டு, கையால் சாப்பிடலாம். நமக்குத் தயக்கம் வருவது ஒரே ஒரு விஷயத்தில்தான். எல்லோருக்கும் சேர்த்து ஒரே தட்டு. எச்சில் பார்த்து வளர்ந்த நமக்கு அது சங்கடம். நானும் அம்மாவும் போனபோது எனக்கிருந்த பெரிய கவலையே அம்மா எப்படிச் சாப்பிடப் போகிறார் என்பதுதான். வீட்டில் தண்ணீர்ச் சொம்பைக்கூட உதட்டில் வைக்காமல் அண்ணாந்து குடிப்பவர் அவர். முதல் முறை போகிறவர்களுக்காக, அன்று கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: கிழமை பார்த்துப் போங்கள்

சைவம் என்றால் புதன் அல்லது வெள்ளி போங்கள். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு அந்த இரண்டு நாளும் விரதம். இறைச்சி, முட்டை, பால், நெய் எதுவும் சேர்க்க மாட்டார்கள், எண்ணெயில்தான் சமையல். ஈஸ்டருக்கு முன்னால் 55 நாள் நீண்ட விரதமும் உண்டு. அப்போது தினமும் விரதச் சாப்பாடு கிடைக்கும். விரதத்துக்கு அவர்கள் சொல்லும் வார்த்தை ‘ட்சோம்’. இதை மட்டும் மறக்காதீர்கள், பாதி வேலை முடிந்த மாதிரி.

நேரம் கேட்கும்போது கவனம் தேவை. அங்கே நாளைக் கணக்கிடுவது சூரிய உதயத்திலிருந்து. நமக்குக் காலை 7 மணி என்பது அவர்களுக்கு 1 மணி. “மத்தியானம் 7 மணிக்கு வாங்க” என்று கடைக்காரர் சொன்னால் நம் கடிகாரத்தில் அது 1 மணி. “உங்கள் நேரமா, வெளிநாட்டு நேரமா?” என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

படி 2: கை கழுவி, மெசோப்பைச் சுற்றி உட்காருங்கள்

சில கடைகளில் ஓரமாகத் தண்ணீர்க் குழாய் இருக்கும். பழைய வழக்கப்படி நடத்துகிற இடங்களில் ஒருவர் செம்பும் கிண்ணமும் கொண்டுவந்து உங்கள் கையில் தண்ணீர் ஊற்றுவார். இரண்டு கையையும் நீட்டுங்கள். மேசைக்குப் பதிலாக மெசோப் இருக்கும். புல்லால் வண்ணம் வண்ணமாகப் பின்னிய, கூம்பு மூடி போட்ட உயரமான கூடை அது. மூடியைத் திறந்தால் உள்ளே பெரிய வட்டத் தட்டு. குட்டையான முக்காலிகளில் எல்லோரும் அதைச் சுற்றி உட்கார வேண்டும்.

படி 3: ‘பெயாய்னெட்டு’ கேளுங்கள்

மெனு அட்டையைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ‘பெயாய்னெட்டு’ என்றால் வகை வகையாக என்று பொருள். ‘யெட்சோம் பெயாய்னெட்டு’ என்று கேட்டால் விரதச் சாப்பாட்டில் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வரும்.

அடியில் தட்டு நிறைய இன்ஜெரா என்ற, ஆப்பம் போன்ற பெரிய அப்பம் விரித்திருக்கும். அதன் மேல் சிவப்பாக மிஸிர் வொட், நம் மைசூர் பருப்பைப் பெர்பெரே என்ற மிளகாய் மசாலாப் பொடியில் வேகவைத்தது. மஞ்சளாக இருப்பது கிக் அலிச்சா, உடைத்த பட்டாணிப் பருப்பில் மஞ்சள் போட்டது. கீரை வதக்கல் கொமென். முட்டைக்கோஸ், கேரட், உருளைக்கிழங்கு சேர்ந்தது திக்கில் கொமென். நடுவில் ஷிரோ, கடலை மாவும் மசாலாவும் சேர்த்துக் கிண்டிய கெட்டிக் குழம்பு. மண்சட்டியோடு வந்தால் கொதித்துக்கொண்டே வரும், சட்டியைத் தொட்டுவிடாதீர்கள். காரத்தை நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம். சிவப்பாக இருந்தால் பெர்பெரே சேர்ந்தது, காரம். ‘அலிச்சா’ என்று பெயரில் வந்தால் காரமில்லை, குழந்தைகளுக்குத் தைரியமாகக் கொடுக்கலாம்.

பெர்பெரேயை நுகர்ந்து பார்த்தால் வெந்தயம், ஓமம், கருஞ்சீரகம் எல்லாம் ஒவ்வொன்றாக மேலே வரும். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியைத் திறந்த மாதிரி இருந்தது எனக்கு.

அசைவம் சாப்பிடுகிறவர்கள் டோரோ வொட் கேளுங்கள். கோழிக் குழம்பில் முழு அவித்த முட்டை கிடக்கும். பொடியாக நறுக்கிய வெங்காயத்தை எண்ணெய் விடாமலே நெடுநேரம் வதக்கித்தான் அந்தக் குழம்பைத் தொடங்குகிறார்கள், அந்த அடர்த்தி அங்கிருந்து வருகிறது. கிட்ஃபோ என்பது கொத்திய மாட்டிறைச்சி, பெரும்பாலும் பச்சையாகவே தருவார்கள். வேண்டாம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ‘சிகா’ என்றால் இறைச்சி. விரதமில்லாத நாளில் ஷிரோவிலும் மசாலா நெய் சேர்ப்பது உண்டு, பால் பொருள் ஆகாதவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

படி 4: இன்ஜெராவைக் கிள்ளக் கற்றுக்கொள்ளுங்கள்

எல்லாம் இதில்தான் இருக்கிறது, நிதானமாகப் படியுங்கள்.

இன்ஜெரா தெஃப் என்ற தானியத்தில் செய்வது. கடுகை விடவும் மிகச் சிறிய மணி. மாவைக் கரைத்துச் சில நாள் புளிக்கவைத்து, பெரிய வட்டக் கல்லில் வெளி ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே ஊற்றி, மூடி வைத்து எடுக்கிறார்கள். திருப்பிப் போடுவதில்லை. அதனால் ஆப்பத்தைப் போல ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் முழுக்கச் சின்னச் சின்னத் துளைகள். அந்தத் துளைகளை அவர்கள் கண்கள் என்றே சொல்கிறார்கள். புளிப்பு நல்ல புளிப்பு. மூன்று நாள் மாவில் வார்த்த தோசையை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் வாயில் பிடிக்காமல் போகலாம், காரமான பருப்போடு சேரும்போதுதான் அந்தப் புளிப்பு எதற்கு என்று புரியும்.

தட்டின் ஓரத்தில் சுருட்டி வைத்த இன்ஜெராவும் இருக்கும், அதிலிருந்து எடுங்கள். வலது கை மட்டும். கீழ் விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் உள்ளங்கையில் பாதி அளவுக்குக் கிழியுங்கள். கண்கள் உள்ள பக்கம் குழம்பை நோக்கி இருக்கட்டும், சாறு அதில்தான் ஏறும். அந்தத் துண்டால் பருப்பை மூடி, கிள்ளி, அப்படியே எடுத்து வாயில் போடுங்கள். விரல் நுனி குழம்பில் படக் கூடாது, உதட்டிலும் படக் கூடாது. விரலைச் சப்புவது அங்கே மரியாதைக் குறைவு. உங்களுக்கு எதிரே இருக்கிற பகுதியிலிருந்து மட்டும் எடுங்கள், தட்டின் அந்தப் பக்கம் கை நீட்ட வேண்டாம்.

இதைச் செய்து பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. ஒரு வாய்க்கு ஒரு துண்டு, அந்தத் துண்டும் வாய்க்குள்ளேயே போய்விடுகிறது. வாயில் பட்ட எதுவும் தட்டுக்குத் திரும்புவதில்லை. சோறு பிசைந்து சாப்பிடும் நம் முறையில் ஒரே தட்டு ஒத்துவராது, இந்த முறையில் ஒத்துவருகிறது. அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் நாலைந்து வாய் நான் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, மெதுவாக ஒரு துண்டு கிழித்தார்.

கடைசியில் அடியில் விரித்த இன்ஜெரா மிச்சமிருக்கும். எல்லாக் குழம்பும் ஊறிய அந்தப் பகுதியை விட்டுவிட்டு எழுந்திருக்காதீர்கள். சாப்பாட்டிலேயே ருசியான இடம் அது.

படி 5: குர்ஷா வந்தால் வாயைத் திறங்கள்

யாராவது ஒரு கவளம் உருட்டி உங்கள் வாய்க்கு நேராக நீட்டுவார்கள். இதுதான் குர்ஷா. அன்பையும் மரியாதையையும் காட்டுகிற வழக்கம். மறுத்தால் மனம் கோணும்.

நாங்கள் போன கடையில் சமைத்த அம்மாவே அடுப்படியிலிருந்து வந்து நின்றார். நாங்கள் இந்தியா என்றதும் முகம் மலர்ந்து, பள்ளிக்கூடத்தில் தனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் இந்தியர் என்றார். பேரரசர் ஹைலே செலாசி காலத்தில் நம் நாட்டு ஆசிரியர்கள் நிறையப் பேர் அங்கே போய் வேலை பார்த்தார்கள், வயதானவர்கள் இன்னும் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். பேசிக்கொண்டே கை கழுவிவிட்டு வந்து, ஒரு துண்டு இன்ஜெராவில் ஷிரோவும் கொமெனும் வைத்துச் சுருட்டி, இடது உள்ளங்கையைக் கீழே ஏந்தியபடி அம்மாவின் வாயருகே கொண்டுபோனார். உட்கார்ந்திருப்பவர்களில் மூத்தவருக்குத்தான் முதல் கவளம்.

அம்மா என்னைப் பார்த்தார். நான் எதுவும் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டார். மென்று முடித்ததும், “எங்க அம்மா சட்டியில பிசைஞ்சு உருண்டை பிடிச்சு வரிசையா கையில போடுவாங்க. அதுக்கப்புறம் இன்னைக்குத்தான்” என்றார். பிறகு தானே ஒரு துண்டு கிழித்து, மிஸிர் வொட் வைத்து மடித்து, அந்த அம்மாவுக்கு ஊட்டினார்.

திருப்பி ஊட்ட நினைத்தால் கவளம் பெரிதாக இருக்கட்டும். சின்னதாகக் கொடுத்தால் கஞ்சத்தனம் போலத் தெரியும். போதும் என்றால் ‘பெக்காஞ்’ என்று சொல்லுங்கள். ஒருமுறை சொன்னால் விட மாட்டார்கள், சிரித்துக்கொண்டே இரண்டு மூன்று முறை சொல்ல வேண்டும்.

படி 6: காபிக்கு அவசரப்படாதீர்கள்

காபிச் சடங்குக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். தரையில் பச்சைப் புல் பரப்பி, சாம்பிராணி போட்டு, பச்சைக் கொட்டையைக் கழுவி உங்கள் முன்னாலேயே வறுப்பார்கள். வறுத்த சட்டியைப் புகையோடு ஒவ்வொருவரிடமும் கொண்டுவரும்போது, கையால் புகையை முகத்துப் பக்கம் தள்ளி முகருங்கள். அப்புறம் இடித்து, ஜெபெனா என்ற நீண்ட கழுத்துக் கருப்பு மண்கூஜாவில் காய்ச்சி, பிடியில்லாத சினிக் கோப்பைகளில் உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். தொட்டுக்கொள்ளச் சோளப்பொரி வரும். முதல் சுற்று அபோல், இரண்டாவது டோனா, மூன்றாவது பெரெக்கா, அதாவது ஆசீர்வாதம். அதே தூளில் மறுபடி தண்ணீர் விடுவதால் போகப் போகக் காட்டம் குறைந்துவிடும். மூன்றையும் குடித்துவிட்டு எழுவதுதான் முறை.

படி 7: பில்

‘ஹிசாப்’ என்று கேட்டால் போதும். 15 சதவீத வரி விலைக்குள் இருக்கிறதா, தனியா என்று பாருங்கள். எத்தியோப்பியப் பணமான பிர்ரை நோட்டாகக் கையில் வைத்திருங்கள், சின்னக் கடைகளில் வெளிநாட்டு அட்டையை நம்பிப் போக வேண்டாம். கிளம்பும்போது ‘அமெசெகினாலெஹு’ என்று நன்றி சொல்லுங்கள். நீளமான வார்த்தை, அமெ-செகி-நா-லெஹு என்று உடைத்துச் சொல்லிப் பார்த்தால் வந்துவிடும். வராவிட்டால் வலது கையை நெஞ்சில் வைத்து லேசாகக் குனியுங்கள். அம்மா அப்படித்தான் செய்தார்.