சின்ன எலெக்ட்ரிக் கார்: ரேஞ்ச் கணக்கில் எங்கே சறுக்குகிறோம்?

“ஃபுல் சார்ஜ் போட்டால் எவ்வளவு தூரம் ஓடும்?” எலெக்ட்ரிக் கார் என்றதும் முதலில் வருகிற கேள்வி இது. இதற்கு ஒரே ஒரு எண்ணைப் பதிலாக எதிர்பார்ப்பதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்த டாசியா ஸ்பிரிங்கைப் பாருங்கள். சுமார் 27 கிலோவாட் அவர் பேட்டரி. ஐரோப்பாவில் கார்களின் ரேஞ்சை, அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரத்தை, அளக்கும் டபிள்யூஎல்டிபி சோதனைப்படி எல்லா வகைச் சாலையும் கலந்து ஓடினால் 230 கி.மீ., நகருக்குள் மட்டும் என்றால் 305 கி.மீ. என்று ஒரே காருக்கு இரண்டு எண்கள். இரண்டும் பொய்யில்லை. ஆனால் அந்தக் கலப்புச் சோதனையின் சராசரி வேகமே மணிக்கு 46 கி.மீ. சொச்சம்தான். சோதனைக்கூடத்தில் 23 டிகிரி வெப்பநிலை. ஏசி, ஹீட்டர் எதுவும் ஓடாது. நாம் அப்படியா ஓட்டுகிறோம்?

கிலோமீட்டரை விட்டுவிட்டு யூனிட்டில் யோசித்தால் பாதிக் குழப்பம் தீரும். கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட்தான் கிலோவாட் அவர். உதாரணமாக, பேட்டரியில் நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது 24 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். 100 கி.மீ.க்கு 12 யூனிட் செலவானால் 200 கி.மீ. ஓடும், 17 யூனிட் செலவானால் 140-ஐத் தாண்டினாலே அதிகம்.

அந்த 12-ஐ 17 ஆக்குவது பெரும்பாலும் வேகம்தான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. 80-இல் போகிறவர் 110-ஐத் தொட்டால் அந்த எதிர்ப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சின்னக் கார்கள் நீளம் குறைவாகவும் உயரமாகவும் இருப்பதால் காற்றைக் கிழித்துப் போவதில் கெட்டிக்காரர்கள் அல்ல. 200 கி.மீ. பயணத்தில் 110-இல் பறந்தால் நாற்பது நிமிடம் மிச்சமாகும், உண்மைதான். ஆனால் வழியில் சார்ஜ் போட நிற்க வேண்டிவரும். மிச்சம் பிடித்ததில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும்.

ஏசி விஷயத்தில் பலரும் தலைகீழாக நினைக்கிறார்கள். நெடுஞ்சாலையில் ரேஞ்ச் குறைகிறதே என்று ஏசியை அணைத்துவிட்டு வியர்த்து வழிவார்கள்; நகர நெரிசலில் கவலையே இல்லாமல் ஓடவிடுவார்கள். ஏசிக்குத் தூரக் கணக்கு கிடையாது, நேரக் கணக்குதான். கார் குளிர்ந்த பிறகு மணிக்கு ஒரு யூனிட் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். 80-இல் போகும்போது ஒரு மணி நேரத்தில் ஓட்டத்துக்கே பத்து யூனிட் போகிறது. ஏசி அதில் பத்தில் ஒரு பங்கு. மணிக்கு 20 கி.மீ. என்று ஊர்ந்தால் ஓட்டத்துக்கு இரண்டு யூனிட் போதும். ஏசி அதில் பாதி! குளிர்காலத்தில் ஹீட்டர் இன்னும் மோசம். வெளிக்காற்றின் சூட்டை உள்ளே இழுத்து மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஹீட் பம்ப் இல்லாத சின்னக் கார்களில் ஹீட்டர் 3 கிலோவாட், அதாவது மணிக்கு மூன்று யூனிட் வரை இழுத்தால், ஊர்ந்து போகையில் மோட்டாரைவிட அதுதான் அதிகம் தின்னும். அதோடு குளிரில் பேட்டரியும் சுணங்கும். சார்ஜர் செருகியிருக்கும்போதே காரைச் சூடாக்கிவிட்டு, பிறகு இருக்கைச் சூட்டோடு சமாளிப்பது நல்லது. இருக்கைக்கு நூறு வாட் அளவில்தான் செலவு.

அடுத்த சறுக்கல், பேட்டரியை 100 சதவீதத்திலிருந்து 0 வரை ஓட்டலாம் என்று திட்டம் போடுவது. நீண்ட பயணத்தில் யாரும் பூஜ்யம் வரை போவதில்லை. ஃபாஸ்ட் சார்ஜரும் 80 சதவீதத்துக்கு மேல் நத்தை வேகத்துக்கு வந்துவிடும். ஆக, ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்ததற்கும் இடையே கையில் இருப்பது 80 சதவீதத்திலிருந்து 10 வரை, அதாவது நம் 24 யூனிட் கணக்கில் கிட்டத்தட்ட 17 யூனிட். 110-இல் போனால் அது 100 கி.மீ.க்குத்தான் வரும். விளம்பர எண்ணை நம்பிக் கிளம்பியவருக்குத் தூக்கிவாரிப்போடுவது இங்கேதான்.

திரையில் தெரியும் மீதித் தூரத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். பல கார்களில் அது சமீபத்தில் ஓட்டிய விதத்தை வைத்துப் போடுகிற ஊகம். நகருக்குள் மெதுவாக ஓட்டிவிட்டு நெடுஞ்சாலையில் ஏறினால், அது கண்ணெதிரே மளமளவென்று இறங்கும். பேட்டரி சதவீதம்தான் நம்பத்தக்கது.

மலைப்பாதையைத் தனியாகக் கணக்கிட வேண்டும். ஆட்களோடு சேர்த்து 1,300 கிலோ எடையுள்ள காரை 1,000 மீட்டர் உயரம் ஏற்ற மட்டுமே மூன்றரை யூனிட் கூடுதலாக வேண்டும். மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால் நாலு. இறங்கும்போது, மோட்டாரே வேகத்தைக் குறைத்து மின்சாரமாக்கிப் பேட்டரிக்கு அனுப்பும் ரீஜென் பிரேக்கிங் மூலம் நல்ல பங்கு திரும்ப வரும், முழுவதும் அல்ல. மேலே தங்கிய இடத்தில் 100 சதவீதம் ஏற்றிக்கொண்டு இறங்கினால் அதுவும் வராது; நிறைந்த பேட்டரியில் மின்சாரம் போக இடமில்லை. வேலை முழுக்க சாதாரண பிரேக்கின் தலையில் விழும்.

டயரில் காற்று குறைவது, கூரையில் கேரியர் மாட்டுவது எல்லாம் தெரிந்த கதை. டிக்கியில் வைக்கும் சுமையைவிடக் கூரைமேல் ஏறும் சுமை நெடுஞ்சாலையில் அதிக யூனிட்டைத் தின்னும்.

வாங்குவதற்கு முன் டெஸ்ட் டிரைவில் ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டு வருவது வீண். ட்ரிப் மீட்டரை பூஜ்யமாக்கிவிட்டு, வழக்கமாக நீங்கள் போகும் வேகத்தில், ஏசியோடு, இருபது கிலோமீட்டராவது போய் அதே வழியில் திரும்பி வாருங்கள். போக மட்டும் பார்த்தால் காற்றோ இறக்கமோ ஏமாற்றிவிடும். 100 கி.மீ.க்கு எத்தனை யூனிட் என்று திரையில் பார்த்து, பேட்டரியில் பயன்படுத்தக்கூடிய யூனிட்டை அதனால் வகுத்து நூறால் பெருக்குங்கள். பேட்டரிக்கு வயதாக ஆகக் கொள்ளளவு குறையும் என்பதால், வருகிற விடையில் கொஞ்சம் கழித்தே வைத்துக்கொள்ளுங்கள்.