அலுமினியப் படகுக்கு மீன் பெட்டி: முதன்முதலாகச் செய்பவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் குருநகர், பாசையூர், நாவாந்துறை என்று எங்கே போய்ப் பார்த்தாலும் கரையில் கிடப்பவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள்தான். காரைநகர் சீநோர் படகுத் தொழிற்சாலை காலத்திலிருந்தே நம்மாட்களுக்கு ஃபைபர் கைவந்த வேலை. ஓட்டை அடைப்பதோ பெட்டி கட்டுவதோ, ரெசினும் ஃபைபர் மாட்டும் (கண்ணாடி இழை விரிப்பு) இருந்தால் வேலை நடந்துவிடும். அதே கைப்பழக்கத்தோடு அலுமினியப் படகில் கை வைக்கும்போதுதான் சிக்கல். ரெசின் அதில் ஒழுங்காகப் பிடிக்காது. இரும்பு ஆணி அதை அரிக்கும். விசாரிக்காமல் வாங்கிய பலகைகூட அதைத் தின்னும்.

பரவைக்கடலில் (ஆழமில்லாத கடலேரியில்) தூண்டிலுக்கும் சிறு வலைக்கும் போகிற 12 முதல் 14 அடி வரையான படகை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பெட்டியின் வெளியளவு 90 சென்ரிமீற்றர் நீளம், 45 அகலம், 45 உயரம். உள்ளே 90 லீற்றருக்குச் சற்று மேலே கொள்ளும். 30 கிலோ மீனும் அதே அளவு ஐஸும் வைக்கலாம்.

முதலில் இடத்தைப் பாருங்கள், பலகையை அறுக்காதீர்கள்

பெட்டி, மீன், ஐஸ் எல்லாம் சேர்ந்தால் 85 கிலோ வரை வரும். அதாவது படகில் இன்னும் ஒரு ஆள் ஏறியதற்குச் சமம். அந்த ஆளை எங்கே இருத்துவது என்பதுதான் முதல் கேள்வி. பின்பக்கத்தில் ஏற்கெனவே எஞ்சினும் பெற்றோல் தாங்கியும் ஓட்டுபவரும் இருப்பதால், பெட்டியையும் அங்கே வைத்தால் அணியம் (படகின் முன்பக்கம்) தூக்கிக்கொள்ளும், பின்னால் தண்ணீர் ஏறும். அணியத்தில் வைத்தால் சோளகக் காற்றில் ஒவ்வொரு அலையும் உள்ளே வரும். நடு ஆசனத்துக்குச் சற்று முன்னால், இடம் வலம் சரிநடுவில் வைப்பதே நல்லது.

இதைச் சோதித்துப் பார்க்கச் செலவே இல்லை. 20 லீற்றர் கான் நான்கை நிரப்பினால் 80 கிலோ. இடுப்பளவு தண்ணீரில் படகை விட்டு, பெட்டி வரப்போகும் இடத்தில் கான்களை அடுக்கி, வழக்கமாகப் போகிற ஆட்கள் எல்லோரும் ஏறுங்கள். ஒருவர் வெளியே நின்று படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையே எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று சுற்றிவரப் பார்க்கட்டும். ஒரு பக்கம் சாய்ந்தாலோ பின்பக்கம் அமிழ்ந்தாலோ கான்களை நகர்த்துங்கள். இடம் சரியென்று தெரிந்ததும் பென்சிலால் கோடு போடுங்கள். விளிம்பு ஆபத்தாகத் தாழ்ந்தால் பெட்டியைச் சின்னதாக்குங்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

ஆசனத்தை வெட்டிப் பெட்டியாக்க வேண்டாம்

“ஆசனத்துக்குக் கீழே சும்மா கிடக்கும் இடம்தானே, மேல்தகட்டை வெட்டி மூடி போட்டால் போயிற்று” என்று யோசனை சொல்பவர்கள் இருப்பார்கள். அந்த இடம் சும்மா கிடக்கவில்லை. பல அலுமினியப் படகுகளில் ஆசனத்துக்குள் ஃபோம் அடைத்திருப்பார்கள். படகுக்குள் தண்ணீர் நிறைந்தாலும் அடியில் போகாமல் மிதக்க வைப்பது அதுதான். ஒரு லீற்றர் ஃபோம் ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும். 90 லீற்றரை வெட்டி எடுத்தால் 90 கிலோ தாங்கும் பலம் போய்விடும். மரம் என்றால் கவிழ்ந்தும் மிதக்கும், அலுமினியம் நேரே கீழே போகும். ஆகவே தனிப் பெட்டிதான்.

வாங்கும்போது கேட்க வேண்டியவை

வெளிச்சுவருக்கு 9 மில்லிமீற்றர் மெரைன் பிளைவூட். எட்டுக்கு நான்கு அடிப் பலகை ஒன்று போதும். கரையான், பூஞ்சணம் பிடிக்காமல் செப்பு கலந்த மருந்தில் ஊறவைத்த பலகை வேண்டவே வேண்டாம். உப்புத்தண்ணீர் பட்டதும் அந்தச் செப்பு அலுமினியத்தை அரிக்கத் தொடங்கும். உட்சுவருக்கு 4 மில்லிமீற்றர் பிளைவூட்.

இடையில் வைக்க 50 மில்லிமீற்றர் ஃபோம். நெருக்கமான, அழுத்தினால் பள்ளம் விழாத ஃபோம் ஷீற் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் கனமான ரெஜிஃபோம் (வெள்ளைத் தெர்மோகோல்) வாங்கி, பொலித்தீனில் சுற்றி டேப் ஒட்டுங்கள். ரெஜிஃபோம் நாளடைவில் தண்ணீர் குடிக்கும். தண்ணீர் குடித்த ஃபோம் குளிரைப் பிடித்து வைக்காது, பாரமும் கூடும்.

ஆணி, நட், பிணைச்சல் எல்லாம் 316 தர ஸ்டெயின்லெஸ். ரிவெட் என்றால் முனை மூடிய அலுமினிய ரிவெட், நடு ஊசியும் அலுமினியமாக இருப்பது. சாதாரண ரிவெட்டில் இரும்பு ஊசியின் துண்டு உள்ளேயே தங்கித் துருப்பிடிக்கும். இடைவெளி அடைக்கப் பொலியூரித்தேன் சீலன்ற் வாங்குங்கள். கண்ணாடித் தொட்டி ஒட்டுகிற சிலிக்கனைத் திறந்தவுடன் வினாகிரி மணம் வரும். அந்த மணம் அமிலத்தின் மணம், அது அலுமினியத்துக்கு ஆகாது.

பெட்டியைக் கட்டுவது

அடிப்பலகை 90க்கு 45 சென்ரிமீற்றர். அதன்மேல் நான்கு சுவர்களையும் நிறுத்தி, மூலைகளில் சிறு சட்டம் வைத்து, பசை பூசி ஸ்குரூ முடுக்குங்கள். அடியிலும் நான்கு பக்கமும் ஃபோமை இறுக்கமாக வெட்டி வையுங்கள். இரண்டு துண்டு சேருமிடத்தில் விரல்நுனி நுழைகிற இடைவெளி இருந்தாலும் குளிர் அந்த வழியாகத்தான் போகும். பிறகு 4 மில்லிமீற்றர் பலகையை உட்சுவராக வையுங்கள். உள்தளப் பலகைக்குக் கீழே மெல்லிய சீவல் வைத்து, எஞ்சின் பக்க மூலை ஒன்றை நோக்கி உள்தளம் சற்றுச் சரிந்திருக்கச் செய்யுங்கள். அந்த மூலையில் ஒரு அங்குல எஸ்லோன் (பி.வி.சி.) குழாய்த் துண்டைச் சுவருக்குக் குறுக்கே விட்டு, வெளியே முறுக்குகிற மூடி போடுங்கள்.

இனி ரெசின். ஃபைபர் படகு திருத்தப் பாவிக்கும் பொலியெஸ்டர் ரெசின் ரெஜிஃபோமில் பட்டால், ஃபோம் கண்ணெதிரே சுருங்கி வழிந்து குழியாகிவிடும். அதனால்தான் நடுவில் அந்த மெல்லிய பலகை. பலகைகள் சேரும் இடங்களையெல்லாம் முதலில் சீலன்ற்றால் அடைத்துக் காயவிடுங்கள், ரெசின் இடுக்கால் இறங்கக்கூடாது. அப்புறம் ரெசினில் டால்கம் பவுடரைக் குழைத்து, உள்மூலைகளில் பூசிக் கரண்டியின் பின்புறத்தால் வளைவாக இழுத்துவிடுங்கள். கூர்மூலையில் ஃபைபர் மாட் படியாது, பின்னால் காற்று நிற்கும், மீன் இரத்தம் அதற்குள் போய் நாறும்.

மாட் இரண்டு படை போதும். ரெசினை இறுகவைக்கும் ஹாட்னர், ரெசினின் எடையில் ஒன்று முதல் இரண்டு வீதம். நம் வெயிலுக்கு ஒரு வீதத்துக்குப் பக்கத்திலேயே நில்லுங்கள். கலவை சட்டியிலேயே கட்டியாகிவிடாமல் இருக்க, விடியற்காலையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பூசுங்கள். ஹாட்னர் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து, கண்ணாடி போடாமல் தொடாதீர்கள். கடைசிப் பூச்சுக்கு மெழுகு கலந்த ரெசின் கேட்டு வாங்குங்கள். மெழுகில்லாத பூச்சின் மேற்பரப்பு எத்தனை நாளானாலும் பிசுபிசுவென்றே இருக்கும். நன்றாக இறுகியதும் பெட்டியைத் திறந்தபடி வெயிலில் வைத்து, சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். ரெசின் மணம் முற்றாகப் போகும்வரை மீன் வைக்க வேண்டாம்.

மூடிக்கும் அதே ஃபோம், அதே பூச்சு. பெட்டி வாயைச் சுற்றி ரப்பர் பட்டி, இறுக்கிப் பிடிக்க இரண்டு கொக்கி. வெளியே வெள்ளைப் பெயின்ற். மூடியையும் பெட்டியையும் ஒரு சிறு கயிற்றால் இணைத்துவிடுங்கள். வாடைக் காலத்தில் திறந்த மூடியைக் காற்று பிய்த்துக்கொண்டு போகும்.

படகில் இருத்துவது

படகின் அடித்தகட்டில் துளை போட வேண்டாம். இது ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பெட்டி பாரத்தால் நிற்கும், அது வழுக்காமல் இருந்தால் போதும். ஒன்றரை அங்குல அலுமினிய ‘எல்’ சட்டத்தில் நான்கு துண்டு வெட்டி, கூர் விளிம்புகளை அரத்தால் மழுக்குங்கள். ஆசனத்தின் நிமிர்ந்த தகட்டிலும் படகின் உள் விலாச் சட்டங்களின் மேற்பகுதியிலும் அவற்றை ரிவெட் செய்யலாம். உள்ளே ஃபோம் இருக்கும் என்பதால் ஆசனத்தில் ஆழமாகத் துளைக்காதீர்கள். 4.8 மில்லிமீற்றர் ரிவெட்டுக்கு 4.9 மில்லிமீற்றர் துளை. ஒவ்வொரு துளையிலும் சீலன்ற் வைத்தபின் ரிவெட்டை அடியுங்கள். துளைபோட்ட தூளை உடனே கூட்டி அள்ளுங்கள்.

பெட்டிக்கடியில் தடித்த ரப்பர் பட்டைகள் இரண்டு வைத்தால் தண்ணீர் தேங்காமல் ஓடும், மரமும் தகடும் ஒன்றோடொன்று உரசாது. மேலே இறுக்குகிற நைலோன் பட்டி இரண்டு. ஸ்டெயின்லெஸ் நட் அலுமினியத்தைத் தொடும் இடத்தில் நைலோன் வாசர் போடுங்கள். இரண்டு உலோகம் உப்புத்தண்ணீரில் நேருக்கு நேர் தொட்டால், அரிபடுவது அலுமினியம்தான். பெற்றோல் தாங்கியைப் பெட்டியிலிருந்து தள்ளியே வையுங்கள். பெற்றோலும் ரெஜிஃபோமைக் கரைக்கும், மணம் மீனிலும் ஏறும்.

ஐஸ் கணக்கு

30 பாகையில் பிடித்த மீனைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர மட்டும், பத்துக் கிலோ மீனுக்கு மூன்று கிலோவுக்கு மேல் ஐஸ் கரையும். சுவரால் வரும் சூடு, மூடியைத் திறந்து திறந்து பார்ப்பது எல்லாம் அதற்கு மேல். அதனால்தான் நம் மாதிரி வெப்பமான இடங்களில் மீனும் ஐஸும் சரிக்குச் சரி என்பது பொதுக்கணக்கு. ஐஸை நொருக்கி அடியில் ஒரு படை, மீன், ஐஸ் என்று மாற்றி மாற்றி வைத்து, மேலே ஐஸால் மூடுங்கள். பெரிய கட்டிகளுக்கிடையே கிடக்கும் மீனில் பாதி காற்றில்தான் கிடக்கும். கரைந்து இரத்தம் கலந்த தண்ணீரைக் குழாயால் வாளியில் பிடித்து ஊற்றுங்கள், படகின் அடியில் விடாதீர்கள்.

சூரை, கும்பளா, அறக்குளா, சூடை போன்றவற்றில் கூடுதல் கவனம் வேண்டும். வெயிலில் கிடந்தால் இவற்றில் ஹிஸ்டமின் உண்டாகும். சாப்பிட்டால் முகம் சிவந்து உடம்பு தடிக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. பிடித்த உடனே ஐஸுக்குள் போடுவது ஒன்றே வழி.

கரைக்கு வந்ததும் பட்டியைக் கழற்றிப் பெட்டியை இரண்டு பேராகத் தரையில் இறக்கிக் கழுவுங்கள். கழுவப் பாவிக்கும் குளோரின் கலந்த தண்ணீர் அலுமினியத்தை அரிக்கும், படகுக்குள் வைத்துக் கழுவ வேண்டாம். பெட்டி இருந்த இடத்தையும் நல்ல தண்ணீரால் அலசிவிட்டு ஒருமுறை தடவிப் பாருங்கள். கையில் வெள்ளைத் தூள் ஒட்டினால் அந்த இடம் அரிபடத் தொடங்கிவிட்டது. பக்கத்தில் தூண்டில் முள்ளோ செப்புக் கம்பித் துண்டோ ஈயக்குண்டோ கிடக்கும். அதைத் தேடி எடுத்துவிட்டு, அந்த இடத்தை அரத்தாளால் மெதுவாகத் தேய்த்துக் கழுவுங்கள். இரும்பு பிரஷ் மட்டும் போடாதீர்கள்.